வெறுங்காலில் ஏறும் புழு



குடற்புழு என்றதும் நமக்குக் குழந்தைகள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். பள்ளியில் மாத்திரை கொடுப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

உருண்டைப் புழுவும் சாட்டைப் புழுவும் 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களிடம்தான் அதிகம். மண்ணில் அளைந்த கையோடு சாப்பிடுவது ஒரு காரணம். வளர வளர உடலில் ஓரளவு எதிர்ப்பு கூடுவதும் காரணமாக இருக்கலாம். கொக்கிப் புழுவின் கணக்கு வேறு. மலம் கலந்த ஈர மண்ணில் அதன் குஞ்சு காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். குடலைக் கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தம் குடிக்கும். வயது ஏற ஏற இதுவும் ஏறுகிறது, பெரியவர்களிடம்தான் மிகுதி. தட்டம்மை ஒருமுறை வந்தால் உடல் அதை மறப்பதில்லை. கொக்கிப் புழுவோ நம் எதிர்ப்பாற்றலையே மட்டுப்படுத்தும் பொருள்களைச் சுரக்கிறது. மாத்திரை போட்டு வெளியேற்றினாலும், அதே சேற்றில் இறங்கினால் மறுபடி ஏறும்.

அந்தச் சேற்றில் இறங்குவது யாருடைய கால்? நாற்று நடுகிற கால், சாக்கடை அள்ளுகிற கால். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவர்களின் கால். புழுவுக்குச் சாதி தெரியாது. ஆனால் யார் வெறுங்காலோடு நடக்க வேண்டும், யார் மலம் அள்ள வேண்டும், எந்தத் தெருவுக்கு வடிகால் கடைசியாக வரும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

தேசிய குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு. நல்லது, வரவேற்கிறேன். 45 வயதில் நடவு நடுகிற அம்மாவுக்கு? 50 வயதுத் தூய்மைப் பணியாளருக்கு? அவர்களின் சோர்வை 'இரத்தம் குறைவு' என்று சொல்லிச் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறோம். இரத்தம் எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

எல்லா வயதினருக்கும் கொடுக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் டிவார்ம்3 ஆய்வுக்காக ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறார்களே!

நாம் கேட்பது மூன்று. வயல் வேலையிலும் தூய்மைப் பணியிலும் இருப்பவர்களுக்கு வயது பார்க்காமல் குடற்புழு மாத்திரை. தூய்மைப் பணியாளருக்குக் கணுக்கால் மறைக்கும் காலணி. சேரிக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறையும் மூடிய வடிகாலும். மாத்திரையோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் புழு திரும்ப வரும். அடுத்த கிராம சபையில் இந்த மூன்றையும் தீர்மானமாக வையுங்கள்.