ஓட்டமும் வீட்டாரும்



உடற்பயிற்சியால் விளையும் நன்மைகளைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டிருந்தால், நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். அந்த நன்மைகளை உங்கள் பாடப் புத்தகங்களே சொல்லிவிடுகின்றன. நீங்களும் அவற்றைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறீர்கள். நான் பேச வந்தது அதற்கு அடுத்த படியைப் பற்றி. பயிற்சியைத் தொடங்குவது அவ்வளவு கடினம் அன்று. தொடங்கிய மறுநாள் முதல் வீட்டில் எழும் பேச்சுகளுக்கு என்ன செய்வது என்பதுதான் கடினம். அதைப் பற்றி எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

என்னுடைய 36-ஆம் வயதில் ஒரு மருத்துவர் என் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். மேல் அளவு 150, கீழ் அளவு 100 என்று சீட்டில் எழுதினார். மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, "நாற்காலியை விட்டு எழுந்திருங்கள், முதலில் நடங்கள், பிறகு ஓடுங்கள்" என்றார். நான் கல்லூரி ஆசிரியன். எதற்கும் காரணம் கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவர் சலித்துக்கொள்ளாமல் விளக்கினார். 1953-ஆம் ஆண்டில் ஜெரிமி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய துணைவர்களும், இலண்டன் மாநகரத்துப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாடி வைத்த அந்தப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக ஓயாமல் படியேறி இறங்குவார். ஒரே வண்டி, ஒரே சாலை. ஆனாலும் நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே இதய நோய் மிகுதியாக வந்தது. "நீங்கள் இப்போது ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறீர்கள்" என்றார் மருத்துவர். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மதுரையில் இருப்பவர்களுக்கு மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய குளம். நடுவில் மைய மண்டபம். வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகும். விடியற்காலையில் அங்கே பாதி மதுரை நடக்கிறது என்றே சொல்லலாம். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். முதல் நாள் அரைச் சுற்று ஓடுவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது. நான்காம் மாதத்தில் ஐந்து சுற்றுகள் நிற்காமல் ஓடினேன். 82 கிலோவாக இருந்த உடம்பு 73-க்கு வந்தது. சட்டைகள் தொளதொளத்தன.

வீட்டில் பேச்சும் தொடங்கியது.

கேலியை நான் பொருட்படுத்தவில்லை. அரைக்கால் சட்டையுடன் தெருவில் போகும் வாத்தியாரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பது இயல்பு; ஒரு மாதத்தில் அவர்களுக்கே அது சலித்துவிட்டது. என்னை வருத்தியது அச்சந்தான். ஒரு திருமண வீட்டில் என் மாமா ஒருவர், என்னை நேரில் கேட்காமல், என் மனைவியைத் தனியே அழைத்து, "மாப்பிள்ளைக்குச் சர்க்கரையா? மறைக்காமல் சொல்லம்மா" என்று கேட்டாராம். அன்று ஒரே பந்தியில் நான்கு பேர் அவளிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நான் மெலிந்ததற்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்! என் அப்பத்தாவோ, "ஏண்டா இப்படி வற்றிப் போய்விட்டாய்? எவன் கண் பட்டதோ" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டு அடுப்பில் இட்டாள். மிளகாய் நெடி வரவில்லையாம். ஆகவே கண் பட்டது உறுதி என்று தீர்ப்பளித்தாள்.

நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்பத்தா வாழ்ந்த காலத்தில், ஒருவர் மெலிந்தால் அதற்குப் பொருள் இரண்டே: ஒன்று பசி, மற்றொன்று நோய். 'பூசினாற்போல் இருக்கிறான்' என்பது நம் ஊரில் வெறும் வருணனை அன்று, அது வாழ்த்து. அவள் பேரன் வேண்டுமென்றே உடம்பைக் குறைத்துக்கொள்வான் என்பதை அவள் எங்கிருந்து அறிவாள்? மருத்துவரின் சீட்டை நான் படித்துக் காட்டியிருக்கலாம். 150 என்ற எண் 128-க்கு இறங்கியதைச் சொல்லியிருக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இப்படி முறையாகப் பயிற்சி செய்தால் மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 வரை குறையக்கூடும் என்பதையும், எனக்கு இறங்கியதில் மாத்திரைக்கும் உடம்பு இளைத்ததற்கும் பங்கு உண்டு என்பதையும் விளக்கியிருக்கலாம். வகுப்பில் 60 பேருக்கு விளங்க வைக்கிறவன், வீட்டில் ஒரு கிழவிக்கு விளங்க வைக்க முயலவே இல்லை.

அச்சத்தைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு மாணவி படித்தாள். 800 மீட்டர் ஓட்டத்தில் நல்ல திறமை. அவள் தந்தை அவளை விடியற்காலையில் மைதானத்துக்கு அனுப்ப மறுத்தார். பெண்ணின் உடம்பு இவ்வளவு தூர ஓட்டத்தைத் தாங்காது என்பது ஒரு காரணம். இருட்டில் தனியே போகக் கூடாது என்பது மற்றொரு காரணம். முதற்காரணத்தைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆனால், கற்றறிந்தவர்களே நெடுநாள் அப்படி நம்பினார்கள். 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துச் சிலர் களைத்து விழுந்ததைப் பெரிதாக்கி, அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். ஆண்களும் ஓடி முடித்துத் தரையில் விழத்தான் செய்கிறார்கள். அதை யாரும் காரணமாகக் காட்டவில்லை! 1960-இல் ரோமாபுரியில்தான் அது மீண்டும் வந்தது. பெண்களுக்கான மாரத்தான் ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே அந்தத் தந்தை தனியாகத் தவறு செய்யவில்லை. பெரிய சபைகள் செய்த தவற்றையே அவரும் செய்தார்.

ஆனால் அவருடைய இரண்டாவது காரணம் தவறன்று. இருண்ட சாலை உண்மையாகவே இருண்டுதான் கிடந்தது. அந்தப் பெண் என்னைவிடக் கெட்டிக்காரி. இரண்டு அச்சங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சண்டைக்கு நிற்கவில்லை. "சாலையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி அப்பா, நீங்களே கொண்டுபோய் விடுங்கள்" என்றாள். அவரும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மரத்தடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்தபோது செய்தித்தாள் ஸ்கூட்டரின் மேல் கிடந்தது. அவர் கையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது.

அந்த அறிவு எனக்கு அப்போது இல்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஓடி முடித்ததும் அதில் ஓர் எண்ணை எழுதுவேன்: 1, 2, 3 என்று. ஒரு நாளும் விடுபடக் கூடாது என்பது என் விரதம். அம்மா எனக்காகவே பணியாரம் சுட்டு வைத்த நாளில், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்று தட்டைத் தள்ளினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துப் போனாள். நம் வீடுகளில் தாய்மார்கள் அன்பை வாயால் சொல்வதில்லை, தட்டில்தான் வைக்கிறார்கள். ஒரே ஒரு பணியாரம் என் ஐந்து சுற்றுகளையும் அழித்திருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் விரதம் அல்லவா!

தீபாவளி வந்தது. என் கணக்கில் அது 214-ஆம் நாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தீபாவளி விடியலில் அப்பத்தாதான் எல்லோருக்கும் தலையில் எண்ணெய் வைப்பாள். என் தந்தை மறைந்த பிறகு வீட்டின் மூத்த ஆண் நான். மூத்தவனுக்கு வைத்த பிறகே மற்றவர்களுக்கு. நான்கு மணிக்குப் புறப்பட்டு ஐந்து மணிக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன். குளக்கரை அன்று வெறிச்சோடியிருந்தது. காற்று குளிர்ந்திருந்தது, கால்கள் தாமாக ஓடின. ஐந்து சுற்றுகள் ஏழாயின; ஏழு ஒன்பதாயின. திரும்பும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் புதுத்துணியில் நின்றார்கள்.

என் வீட்டுப் பிள்ளைகள் பழைய துணியோடு திண்ணையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். உள்ளே மணை போட்டபடியே இருந்தது. அதன் எதிரே அப்பத்தா எண்ணெய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். நான்கரை மணி முதல் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஆறிப்போயிருந்தது. "பிள்ளைகளுக்காவது வைத்துவிடுங்கள்" என்று மற்றவர்கள் சொன்னதற்கு, "அவன் வரட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாளாம்.

நான் மணையில் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் வியர்வை. ஈரத் தலையில் எண்ணெய் பிடிக்காது. அவள் தன் சேலைத் தலைப்பால் என் தலையையும் நெற்றியையும் மெல்லத் துடைத்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. துடைத்துவிட்டு எண்ணெய் வைத்தாள்.

அன்றிரவு என் மனைவியிடம், "யாராவது கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை" என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் ஓடுகிற அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள்.

எண்ணிப் பார்த்தேன், அதே நோட்டில்தான். குழாயில் தண்ணீர் வருவது ஐந்து மணிக்கு. குடங்களை நிரப்புவது அவள். பிள்ளைகளை எழுப்புவதும், சீருடை தேய்ப்பதும், சோறு கட்டுவதும் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில். நான் வியர்வையோடு திரும்பி வந்து, மின்விசிறியின் கீழ் அரை மணி இளைப்பாறுவேன். விடியலில் எழ வேண்டும் என்று இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுவேன். ஆதலால் பிள்ளைகளின் வீட்டுப் பாடமும் அவள் தலையில். என் மன உறுதியைக் கண்டு கல்லூரியில் எல்லோரும் வியந்தார்கள். அந்த உறுதி நின்றிருந்தது அவள் தூக்கிய குடங்களின் மேல்! அவளுக்கும் முழங்கால் வலி உண்டு. அவளையும் நடக்கச் சொல்லி அதே மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

அதற்காக ஓட்டத்தை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை, விடுவதும் தவறாகியிருக்கும். என் உடம்பு கெட்டால் அந்தச் சுமையும் அவர்கள் மேல்தானே விழும்? வாரத்தில் நான்கு நாட்கள் நான் ஓடுவது, மூன்று நாட்கள் அவள் எதிர்வீட்டு அம்மாளோடு நடக்கப் போவது என்று பேசி முடிவு செய்தோம். அந்த மூன்று நாட்களும் குடமும் தோசைக்கல்லும் என் பொறுப்பு. முதல் வாரம் வார்த்த தோசைகளைப் பற்றி இங்கே பேசாதிருப்பதே நலம். ஓட்டம் குறைந்ததால் உடம்பு கெட்டதா என்றால், இல்லை. வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான பயிற்சி, அல்லது அதில் பாதியளவு கடும் பயிற்சி போதும் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். தசைகள் வலுப்பெறுவது உழைக்கும் நேரத்தில் மட்டுமன்று. அதற்குப் பின் ஓய்ந்திருக்கும் நேரத்திலுந்தான். ஒரு நாளும் விடக் கூடாது என்று உடம்பு ஒருபோதும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது நோட்டுப் புத்தகந்தான்.

அப்பத்தாவுக்கு மருத்துவர் சீட்டைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஓடு, ஆனால் வந்ததும் தலையைத் துவட்டு" என்றாள். அதற்குப் பின் வந்த மாசி மாதத்தில் அவள் காலமானாள். அடுத்த தீபாவளியன்று நான்கு மணிக்கே நான் மணையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாதான் எண்ணெய் வைத்தாள். அன்று பணியாரமும் இருந்தது.

அந்த நோட்டில் 214-க்குப் பிறகு எண்கள் இல்லை. மீதிப் பக்கங்களில் என் மனைவி பால் கணக்கு எழுதி வருகிறாள்.