பிள்ளையின் ஆதார்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாள்களில், திருவண்ணாமலை ஜெராக்ஸ் கடைகளில் நம் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஆதார் அட்டையைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, பிரிண்ட் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். படமோ அங்கேயே தங்கிவிடுகிறது. நாளை அதை வைத்து வேறொருவர் நம் பிள்ளையின் பெயரில் சிம் கார்டு வாங்க முயன்றால்? கிரிவலக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்போமா?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம். அது போதுமா என்று முதலில் கேட்போம். பிரிண்ட் எடுத்ததும் படத்தை நம் கண்முன்னே அழிக்கச் சொல்வோம். கேட்கக் கூச்சம் வேண்டாம். ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்த பிள்ளைகள் இவர்கள். அந்தப் பெயரைக் காப்பது நம் கடமை.