மலைக்காடும் ஊர்க்கண்மாயும்



இராசபாளையத்தார் பருகும் முடங்கியாற்று நீர் மேற்குத்தொடர்ச்சி மலையில் பிறந்து, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தங்கி வருவது. மழையை மண்ணுள் இறக்கி, மெல்லக் கசியவிடுவது காடு. அக்காடு 1988இல் நரையணில் சரணாலயமாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிப்புத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் இணைந்தது. கிளையோடு கிளை கோத்த மரச்செறிவின்றி அவ்வணில் வாழாது. அதற்கெனக் காத்த நிழல் ஓடைகளுக்கும் காவலாயிற்று.

ஆயின், காப்பகம் அடிவாரத்தோடு முடிகிறது. அப்பால் நீரைத் தாங்குவன கண்மாய்கள். மேற்கண்மாயின் மிகைநீர் மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாயை அடையும். இடையில் ஒரு வரத்துக்கால் தூர்ந்தாலும் கீழூர் வறளும். முன்னாளில் ஊரார் குடிமராமத்தாகக் கூடித் தூர்வாரினர். குழாய்நீர் வந்தபின் நகரத்தார் கண்மாயை மறந்தனர். ஆழ்துளைக் கிணறு மட்டும் அதனை மறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும். தூர்வாரும் பணி புரட்டாசிக்குள் முடிதல் வேண்டும்.