சிறு காருக்கு மாற்று டயர்

வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்களில் பலர் இன்று சிறிய கார் ஒன்றை வைத்திருக்கின்றனர். கோடை விடுமுறை வந்ததும் மூட்டை முடிச்சுகளுடன் நால்வர் ஐவராக ஏறிக்கொண்டு, மும்பையினின்றும் புனே, ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஊர் வந்து சேரும் குடும்பங்களை நான் அறிவேன். அத்தகைய பயணத்துக்கு முன் தேய்ந்த டயரை மாற்ற நேரும்போது எந்த அளவுள்ள டயரை வாங்குவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மாட்டுங்காவில் வசிக்கும் என் நண்பருடையது ஆல்ட்டோ 800. அதற்குரிய டயர் 145/80 ஆர் 12. கடையில் அவ்வளவு இல்லை. கடைக்காரர் 145/70 ஆர் 12 ஒன்றை எடுத்து வைத்து, "அகலமும் அதேதான், ரிம்மும் அதேதான், விலையும் குறைவு" என்றாராம். அவர் கூறியதில் பொய் ஏதுமில்லை. அந்த டயர் ரிம்மில் தடையின்றி ஏறும். தொல்லையே அங்குதான் தொடங்குகிறது.

145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அதன் பக்கச்சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அன்று, அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு. ஆகவே 116 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 12 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். மேலும் கீழும் உள்ள இரு சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் சுமார் 537 மில்லிமீட்டர். கடைக்காரர் காட்டியதற்கோ 508தான். நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட குறைவு இது.

ஸ்பீடாமீட்டருக்குச் சக்கரம் சுற்றும் கணக்குத்தான் தெரியும். டயர் மாறியது தெரியாது. அது 60 என்று காட்டும்போது கார் 57 கூடச் செல்லாது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 1,057 ஏறும். பெட்ரோல் மிச்சமாகிறது என்று மகிழ்ந்துபோகும் சிலருடைய கணக்கின் இரகசியம் இதுவே! இவையெல்லாம் சிறு குறைகள். காரின் அடிப்பாகம் 14 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடுவது அதனினும் பெரிது. டிக்கி நிறையச் சாமான் ஏற்றி வேகத்தடையைக் கடப்போர் அதனை உணர்வர்.

எல்லாவற்றினும் முக்கியமானது, அளவுக்குப் பின்னால் சிறிதாகப் பொறித்திருக்கும் எண். ஆல்ட்டோவின் டயரில் 74 டி என்று காணலாம். 74 என்றால் அந்த டயர் 375 கிலோ வரை தாங்கும். டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பு. மற்ற டயரில் 69 என்றிருந்தது. அதாவது 325 கிலோ. ஒவ்வொரு சக்கரத்திலும் 50 கிலோ குறைவு. அது மட்டமான சரக்கன்று. 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800க்குப் பொருத்தமாயிருந்த டயர். அதனினும் கனத்த காரில், பின் இருக்கையில் மூவரும் டிக்கியில் அரிசி மூட்டையுமாக, மே மாத வெயிலில் நாள் முழுதும் ஓடுவதற்கு உரியதன்று. சுமைக்குக் குறைந்த டயர் மிகுதியாகச் சூடேறும். சூடேறிய டயரே வெடிக்கும்.

பெரிய டயர் போட்டால் கம்பீரம் என்று எண்ணுவோரும் உண்டு. 155/80 ஆர் 12 போட்டால் உயரம் 16 மில்லிமீட்டர் கூடும். மீட்டர் 60 காட்டுகையில் கார் ஏறத்தாழ 62இல் செல்லும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் டயர் உள்வளைவில் உரசவும் கூடும். அளவு மாற்றியே தீரவேண்டுமாயின் முழு உயர வேறுபாடு நூற்றுக்கு மூன்றைத் தாண்டலாகாது. சுமை எண் பழையதற்குக் குறையலாகாது. டயரின் அகலத்தை ரிம்மின் அகலம் ஏற்கவேண்டும். என் எண்ணம், மாற்றாதிருப்பதே நன்று. உரிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ கையேட்டிலோ காற்றழுத்தத்துடன் குறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டே டயர் வாங்குவோர் புதியவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டுதல் நலம். மழையில் பின்பக்கம் வழுக்கினால் காரை மீட்பது கடினம். வாங்கும்போது பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது.

நண்பர் மூன்று நாள் காத்திருந்து உரிய டயரையே வாங்கினார். புறப்படும் அன்று ஸ்டெப்னியைப் பார்த்தோம். பழைய உடைமையாளர் விட்டுச்சென்ற அதில் 145/70 என்றிருந்தது! பஞ்சர் கடை வரை மெதுவாகச் செல்ல மட்டும், அதுவும் பின்சக்கரத்தில் மாட்டி, அதனை வைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன்.