தொலைந்த விளம்பரமும் எஞ்சிய நினைவும்

  

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு என்ன வேலை என்று அவையோர் எண்ணக்கூடும். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர் வழிவந்த தமிழருக்குத் தேடுதல் புதிதன்று. தேடப்படும் பொருளே காலந்தோறும் மாறுகிறது.

ஜப்பானில் சிறு வயதில் கண்டு பாதி மறந்துபோன விளம்பரங்களை இன்று பலர் இணையத்தின் வழியே தேடுகின்றனர். பொருளின் பெயர் நினைவில் இராது. ஒரு முகமோ, ஒரு நிறமோ, ஓர் இசைத் துணுக்கோதான் எஞ்சியிருக்கும். 1980-களின் நடுவில் குளீனெக்ஸ் என்னும் காகிதக் கைக்குட்டைக்கு அங்கே ஒரு விளம்பரம் வந்தது. வெண்ணிற ஆடையில் நடிகை மட்சுசகா கெய்கோ அமர்ந்திருப்பார். அருகே செந்நிறப் பூதமாக வேடமிட்ட குழந்தை ஒன்று இருக்கும். பின்னணிப் பாட்டு ஜெர்மானியச் சாபம் என்றும், நடித்தவர்களுக்குத் தீங்கு நேர்ந்தது என்றும் வதந்தி பரவிற்று. உண்மையில் அது 1983-இல் வெளிவந்த ஆங்கிலப் பாட்டு; அந்த நடிகையோ அதன்பின் பல்லாண்டுகள் நடித்துப் புகழுடன் விளங்கினார். விளம்பரத்தின் பதிவு கிடைத்தமையால் எவரும் அதை இன்று கண்டும் கேட்டும் ஐயம் தீர்த்துக்கொள்ள இயலுகிறது. பதிவு கிடைக்காத விளம்பரங்களைப் பற்றிய கதைகளை எதைக்கொண்டு சரிபார்ப்பது?

பதிவுகள் தொலைந்ததற்குக் காரணம் எளியது. தொடக்ககால ஒளிநாடா விலை மிகுந்தது. ஒளிபரப்பியதை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தனர். ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் தன் பழைய நிகழ்ச்சிகளைத் தேடி நேயர்களின் வீட்டு நாடாக்களையே வேண்டி நிற்கிறது. பிரிட்டனின் பி.பி.சி. தொலைத்த ஒரு தொடரின் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்த செய்தி 2013-இல் வெளிவந்தது. பெருநிறுவனங்கள் காக்கத் தவறியதை எங்கோ ஒரு மூலை அலமாரி காத்திருக்கிறது.

தமிழ்நாட்டின் நிலை என்ன? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 15-8-1975 அன்று தொடங்கியது. தூர்தர்ஷனில் விளம்பரங்கள் 1976-இல் இடம்பெறத் தொடங்கின. ஆங்காங்கே சிறு ஒளிபரப்பு நிலையங்கள் பெருகுவதற்கு முன்னர், திண்டிவனத்திலும் அதற்கும் தெற்கே விழுப்புரத்திலும் சென்னை அலையைப் பிடிக்க உயர்ந்த கம்பத்தில் ஆண்டெனாவும் அதனுடன் பூஸ்டரும் வேண்டியிருந்தன. மழைக்காற்று வீசினால் ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, மற்றவர் கீழேயிருந்து குரல் கொடுக்க வேண்டும். திரையில் புள்ளிகள், ஒலி மட்டும் தெளிவு. ஆகவே இவ்வூர்களில் அந்நாளைய விளம்பரம் பின்னாளில் பாதி மறந்துபோனதன்று; தொடக்கத்திலேயே பாதிதான் கண்டது. பாட்டு நினைவிருந்து படம் நினைவில்லாதோர் தம் முதுமையை நொந்துகொள்ள வேண்டுவதில்லை.

திரைப்படத்தில் நேர்ந்த இழப்போ இன்னும் பெரிது. ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' வெளிவந்த ஆண்டு 1916 என்பர், 1917 என்பர், 1918 என்பர். படம் இல்லாதபோது ஆண்டும் நிலைகொள்வதில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 31-10-1931 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியாயிற்று. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடையிறுத்தார் என்று படிக்கிறோம், கேட்க வழியில்லை. படச்சுருள் கிடைக்கவில்லை. எஞ்சியவை அந்நாளைய விளம்பரமும் நிழற்படங்களும் இதழ்க் குறிப்புகளுமே. ஜப்பானியர் விளம்பரத்தைத் தொலைத்துத் தேடுகின்றனர். தமிழர் படத்தைத் தொலைத்து விளம்பரத்தை வைத்திருக்கின்றனர்!

'காளிதாஸ்' வெளியான அதே ஆண்டில் வந்த இந்திப் பேசும்படம் 'ஆலம் ஆரா' 2003-இல் புனே நகரில் நேர்ந்த தீ விபத்தில் அழிந்தது என்று பலரும் எழுதிவிட்டனர். 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர் அதனை மறுத்தார். அப்படம் காப்பகத்துக்கு வந்து சேரவேயில்லை. நெடுங்காலத்துக்கு முன்பே போய்விட்டது. வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய படச்சுருள்களை எடைக்கு விற்ற காலம் அது. தீயின்மேல் பழிபோடுவது எளிது. எடைக்கு விற்றதை ஒப்புக்கொள்வது கடினம்.

இனி இவ்வட்டாரத்துக்கு வருவோம். டூரிங் கொட்டகைகளில் இடைவேளையின்போது ஊர்க் கடைகளின் விளம்பரங்களைக் கண்ணாடிச் சிலைடில் எழுதிக் காட்டினர். ஜவுளிக்கடையும் சைக்கிள் கடையும் அதில் வந்தன. மை கலைந்து எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் கொட்டகையே சிரிக்கும். படம் மாறும் நாளில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வண்ணத் துண்டறிக்கைகளை வீசிச் செல்ல, சிறுவர்கள் பின்னால் ஓடினர். அந்தச் சிலைடுகளுள் ஒன்றேனும் எவரிடமேனும் உண்டா? எழுதிய ஓவியரின் பெயரேனும் தெரியுமா? வணிகரின் வரலாறும் ஊர்வழக்குச் சொல்லும் அக்கண்ணாடியில் இருந்தன. காப்பியத்துக்கு உரை எழுத ஆளுண்டு. சைக்கிள் கடைச் சிலைடுக்கு இவ்வூரார்தாம் உண்டு.

நினைவைத் தொகுப்பதிலும் ஒரு முறை வேண்டும். பலர் கூடிப் பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிவைத்தல் நலம். பேசிவிட்டால் ஒருவர் கண்டது மற்றவர் கண்ணுக்குள் புகுந்துவிடும். பிறகு பிரித்தறிய இயலாது.

தொலைக்காட்சி விளம்பரத்துக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. 1980-களில் வீடியோ பதிவுக் கருவி வைத்திருந்தோர் சிலர் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியைப் பதிந்துவைத்தனர். கருத்துள்ளவர் விளம்பரம் வந்தவுடன் பதிவை நிறுத்தினார். அவர் நாடாவில் பாட்டு மட்டுமே உண்டு. சோம்பலுள்ளவர் ஓடவிட்டு உறங்கினார். அவரே இன்று வரலாற்றுக்கு உதவியவர்! விளம்பரத்தை அடுத்து வரும் செய்தியைக் கொண்டு நாளையும் கணித்துவிடலாம்.

அத்தகைய கேசட் கிடைத்தால் உடனே கருவியில் இடவேண்டா. முன்மூடியைத் தூக்கி நாடாவைப் பார்த்து, வெண்பூஞ்சை படிந்திருந்தால் தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றுதல் வேண்டும். கல்யாண கேசட்டுகளையும் இறுதிவரை ஓட்டிப் பார்த்தல் நன்று. திருமணம் முடிந்தபின் மிஞ்சிய நாடாவை வீணாக்காமல் தொலைக்காட்சியைப் பதிந்த வீடுகள் உண்டு. மேலுறையில் மணமக்கள் பெயர் மட்டுமே எழுதியிருக்கும்.