அடுத்து வருபவருக்காக

(பாலர் பள்ளிப் பெற்றோர்களுக்காகச் சிங்கப்பூர்க் கோயில் மண்டபம் ஒன்றில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு கழிவறையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். இங்குதான் பேச வேண்டும் என்பேன். கால் கழுவாமல் நாம் கோயிலுக்குள் நுழைவதில்லை. குளிக்காமல் விளக்கேற்றுவதில்லை. தூய்மையை இவ்வளவு பெரிதாக மதிக்கும் நாம், குளித்து முடித்த குளியலறையை எந்த நிலையில் விட்டு வருகிறோம்? நம் பிள்ளைகள் எந்த நிலையில் விட்டு வருகிறார்கள்? இந்தக் கேள்விதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். குளியலறையும் கழிவறையும் ஒரே சிறிய அறைக்குள் அடங்கிவிடுகின்றன. காலையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகு உள்ளே எட்டிப் பாருங்கள். தரை முழுவதும் தண்ணீர். முகம் கழுவும் தொட்டியில் பற்பசை நுரை காய்ந்து ஒட்டியிருக்கும். கழிவறை இருக்கையில் சொட்டுச் சொட்டாக ஈரம். கழற்றிய உடைகள் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். தண்ணீர் போகும் துவாரத்தை முடி அடைத்திருக்கும்.

இதைப் பார்த்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? அவசரத்தில் நாமே கழுவிவிடுகிறோம். இல்லையென்றால் பணிப்பெண்ணை அழைக்கிறோம். பிள்ளைக்குப் பேருந்து வந்துவிடும், படிப்பு முக்கியம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

பாலர் பள்ளியில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "தம்பி, பயன்படுத்திய பிறகு தண்ணீர் விட வேண்டாமா?" என்று கேட்டால், "எங்க வீட்டுல ஆன்ட்டி செய்வாங்க டீச்சர்" என்று பிள்ளை சொல்லும். அதில் திமிர் கிடையாது, பொய்யும் கிடையாது. தான் கண்டதை அப்படியே சொல்கிறது. ஐந்து வயதிற்குள் அந்தப் பிள்ளை ஒரு பாடத்தைக் கற்றுவிட்டது: 'என் அழுக்கை எடுப்பதற்கு வேறு ஒருவர் இருக்கிறார்.' நாம் கவலைப்பட வேண்டியது தரையில் கிடக்கும் தண்ணீரைப் பற்றி மட்டுமன்று. பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட்ட இந்தப் பாடத்தைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும்.

முன்னோர் சொன்ன முறை

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஆசாரக்கோவை என்று ஒன்று உண்டு. பெருவாயின் முள்ளியார் இயற்றியது. எப்படிக் குளிப்பது, எப்படி உண்பது என்று அன்றாட ஒழுக்கங்களை வகுத்துச் சொல்லும் நூல் அது. எந்தெந்த இடங்களில் மலசலம் கழிக்கலாகாது என்ற பட்டியலும் அதில் இருக்கிறது. பயிர் வளரும் இடம், மக்கள் நடக்கும் பாதை, நீர்த்துறை, கோயில், மர நிழல், மாட்டுத் தொழுவம் முதலானவை அதில் வருகின்றன.

இந்த இடங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். பாதையில் நமக்குப் பின்னால் ஒருவர் நடந்து வருவார். நிழலில் களைத்த ஒருவர் வந்து அமர்வார். நீர்த்துறையில் ஒருவர் இறங்குவார். நமக்குப் பின் வரும் மனிதரை நினைத்துப் பார்ப்பதே தூய்மை என்று நான் இதிலிருந்து பொருள் கொள்கிறேன். நம் வீட்டுக் குளியலறைக்கும் அந்த விதி பொருந்தும். பிள்ளைக்குப் பின்னால் அங்கே நுழையப் போவது யார்? பெரும்பாலும் முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்து நடக்கும் பாட்டி. இரவில் இரண்டு முறை எழுந்து போகும் தாத்தா. ஈரத் தரையில் ஒருமுறை சறுக்கினால் இடுப்பெலும்பு முறியக்கூடும். சில வீடுகளில் அதற்குப் பின் பாட்டி பழையபடி எழுந்து நடப்பதே இல்லை.

நம் ஊர் கடந்து வந்த பாதை

இன்று குழந்தை ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடுகிறது. சிங்கப்பூரில் வாளிக் கழிவறைகள் முற்றாக ஒழிந்தது 1987 ஜனவரியில்தான். அதுவரை மனிதக் கழிவை வாளிகளில் எடுத்துச் சென்று லாரியில் ஏற்றிய தொழிலாளர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு அந்த லாரியும் அதன் வாடையும் நினைவிருக்கும். காலனி ஆட்சிக் காலத்தில் நகராட்சியில் தெருக் கூட்டவும் குப்பை அள்ளவும் உழைத்தவர்களுள் தமிழர்கள் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பொறியாளர்கள். பெருமைதான். ஆனால் அந்தப் பேரப்பிள்ளையின் பிள்ளை, துப்புரவு செய்பவரைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினால் அது நமக்குப் பெருமையா?

பொதுக் கழிவறையைப் பயன்படுத்திவிட்டு நீர் பாய்ச்சாமல் செல்வோருக்கு அபராதம் விதிக்கும் சட்டம் 1989-இல் இங்கு நடப்புக்கு வந்தது. 2001-இல் ஜாக் சிம் என்னும் சிங்கப்பூரர் உலகக் கழிவறை அமைப்பைத் தோற்றுவித்தார். சிங்கப்பூர் முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்று, நவம்பர் 19-ஆம் நாளை உலகக் கழிவறை நாளாக ஐக்கிய நாட்டுச் சபை 2013-இல் அறிவித்தது. 2017 முதல் நம் பள்ளிகள் அனைத்திலும் மாணவர்கள் நாள்தோறும் சிறிது நேரம் துப்புரவுப் பணி செய்யும் வழக்கம் ஏற்பட்டது.

சட்டமும் பள்ளியும் தம்மால் இயன்றதைச் செய்துவிட்டன. ஆனால் நம் வீட்டுக் குளியலறைக் கதவை நாள்தோறும் தட்டிப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அங்கே பொறுப்பு நம்முடையது.

எப்படிப் பழக்குவது?

"சுத்தமாக வை" என்று பொதுவாகச் சொன்னால் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு செயலாகக் காட்டித் தர வேண்டும்.

மூன்று நான்கு வயதில்: பயன்படுத்தியவுடன் நீர் பாய்ச்சுவது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கழற்றிய உடையைக் கூடையில் போடுவது. கைக்கு எட்டும் உயரத்தில் துண்டும், ஏறி நிற்க வழுக்காத சிறு பலகையும் இருக்க வேண்டும். எட்டாத இடத்தில் பொருளை வைத்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஐந்து ஆறு வயதில்: இருக்கையை நீரூற்றித் துடைப்பது, பற்பசை நுரையைக் கழுவிவிடுவது, குவளையை அதன் இடத்தில் வைப்பது. ஆண் பிள்ளைகளுக்கு இருக்கையைத் தூக்கிவிட்டுப் பயன்படுத்தவும், பிறகு இறக்கி வைக்கவும் தந்தையே சொல்லித் தருவது நல்லது.

ஏழு முதல் ஒன்பது வயதில்: குளித்து முடித்ததும் ரப்பர் துடைப்பானால் தண்ணீரைத் துவாரத்தின் பக்கம் தள்ளிவிடுவது, அங்கே சேர்ந்த முடியை எடுத்துக் குப்பையில் போடுவது, வாளியில் மிஞ்சிய நீரைக் கொட்டிக் கவிழ்த்து வைப்பது. தேங்கிய சிறிதளவு நீரில்கூட டெங்கிக் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் மறப்பதில்லை.

பத்து வயதுக்கு மேல்: வாரம் ஒருமுறை, பெரியவர் ஒருவர் உடனிருக்க, கையுறை அணிந்து கழிவறைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவலாம். சோப்புத் தூளே போதும். வெளுப்புத் திரவங்களையும் அமிலம் கலந்த கழிவறைத் திரவங்களையும் பிள்ளைகள் கையில் தர வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு உண்டாகும். பெரியவர்களும் அவற்றைக் கலக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்: திரும்பிப் பார். வீட்டை விட்டுப் புறப்படும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். குளியலறைக்கு மட்டும் அந்த விதி வேண்டாம். கதவைத் திறந்து வெளியே கால் வைக்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். "அடுத்து பாட்டி வரப் போகிறார். இப்படியே விட்டுப் போகலாமா?" என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். மறந்துவிட்டால் கத்த வேண்டாம். பாதியில் விட்ட வேலையை முடிக்க மீண்டும் அழையுங்கள். நாமே முடித்துவிடாமல் பொறுத்திருப்பதுதான் கடினம். புதிய பழக்கம் ஒன்றிரண்டு நாளில் வந்துவிடாது. பல வாரங்கள் பிடிக்கும்.

செய்யக் கூடாதவை

முதலாவது, கழிவறை கழுவுவதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். "தேர்வில் மதிப்பெண் குறைந்தது, போய்க் கழிவறையைக் கழுவு" என்றால், அந்த வேலை இழிவானது என்று நாமே சொல்லிக் கொடுத்தவர்கள் ஆவோம். வேலை இழிவு என்றால், அதைச் செய்து பிழைப்பவரும் இழிவானவர் என்று பிள்ளை தானாகவே கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கினால் நம் சமுதாயம் பட்ட துன்பம் போதும்.

இரண்டாவது, மகளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்து மகனை விட்டுவிடாதீர்கள். "அவன் ஆம்பிளைப் பிள்ளை" என்ற சொல்லை இந்த ஒரு விஷயத்திலாவது கைவிடுவோம்.

மூன்றாவது, பணிப்பெண் இருக்கும் வீடுகளில் பிள்ளையின் பங்கைப் பிள்ளைக்கே விட்டுவிடச் சொல்லுங்கள். அவரிடமும் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், தம் வேலையில் குறை கண்டுவிட்டார்களோ என்று அவர் அஞ்சுவார்.

நான்காவது, நாம் செய்யாததைப் பிள்ளையிடம் எதிர்பார்க்காதீர்கள். தந்தை துடைப்பானை எடுத்துத் தண்ணீரைத் தள்ளுவதைக் கண்ட பிள்ளைக்கு வேறு அறிவுரை தேவையில்லை.

1901-இல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிற்குக் காந்தியடிகள் சென்றிருந்தார். அங்கே கழிவறைகள் மிக மோசமாக இருந்தன. தொண்டர்களிடம் சுட்டிக்காட்டியபோது, அது தோட்டியின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அவர் வாதாடவில்லை. ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாம் பயன்படுத்த வேண்டிய கழிவறையைத் தாமே சுத்தம் செய்தார். நாட்டுக்கே தொண்டு செய்ய வந்தவர்கள் தங்கள் அழுக்கைப் பிறர் வேலை என்று நினைத்தார்கள். அந்த முரண்பாடு இன்றும் நம்மிடையே உண்டு.

தைப்பூசத்திற்கும் அன்னதானத்திற்கும் நீங்கள் அள்ளிக் கொடுக்கிறீர்கள். அந்நாட்களில் மாலை நேரத்தில் கோயில் கழிவறையைக் கழுவிக்கொண்டிருப்பவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? பல சமயம் அவர் நம் பாட்டி வயதுடையவராக இருப்பார். அவருக்கு நம் பிள்ளைகள் செய்யக்கூடிய தொண்டு ஒன்று உண்டு. அதற்கு ரசீது கிடையாது, கல்வெட்டில் பெயரும் வராது. தாம் பயன்படுத்திய இடத்தைத் தூய்மையாக விட்டு வருவதும், அவரைக் கண்டால் "வணக்கம் பாட்டி" என்று சொல்வதும் போதும். இன்று மாலை வீட்டுக்குச் சென்றவுடன் பிள்ளையின் கையில் அந்த ரப்பர் துடைப்பானைக் கொடுத்துத் தொடங்கி வையுங்கள்.