பின்பக்கத்தைப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"பாலம் கட்டுறவனுக்குப் பழைய போஸ்ட் கார்டுல என்னடா வேலை?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேட்கிறார்கள். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் படம் போட்ட கார்டுகளைச் சேர்த்து வருகிறேன். அதற்குக் காரணம் பெருமையான விஷயம் அல்ல. நான் செய்த ஒரு தப்பு.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த தாமல். வீட்டில் பட்டுத் தறி. பன்னிரண்டு வயதில் எனக்கு ஸ்டாம்ப் பைத்தியம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் ஒரு கார்டு கிடைத்தது. ஒரு பக்கம் சிப்பாய்கள் படம். மறுபக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஸ்டாம்ப், அதன்மேல் 'ஐ.இ.எஃப்.' என்று அச்சு. கடல் கடந்து போன இந்தியப் படைகளுக்காக 1914-இல் வெளியான ஸ்டாம்ப் அது. அதை உரித்தெடுக்கக் கார்டைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். சற்று நேரத்தில் கிண்ணம் முழுக்க ஊதா நிறம்! எழுதியிருந்தது காப்பியிங் பென்சிலில். அதில் சாயம் கலந்திருக்கும்; ஈரம் பட்டால் ஊதாவாகக் கரையும். போர்முனையில் மைக்கூடு சுமக்க முடியாதவர்களுக்கு அதுதான் பேனா.

ஆயா பார்த்துவிட்டு, "பஸ்ராவுக்குப் போனவரு போட்ட கார்டுடா அது. சாயம் போன பட்டைத் திரும்ப முக்கலாம். இதை எங்க போயி முக்குறது?" என்றார். போனவர் என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. திரும்பி வரவில்லை. பெரியவர்கள் பெயரைச் சொல்லாத தலைமுறை என்பதால் ஆயாவுக்கு அவர் வெறும் 'பட்டாளத்தார்'. அவர் பெயர் இருந்த ஒரே இடம் அந்தக் கையெழுத்து.

வளர்ந்தபின் தேடினேன். பஸ்ராவை இந்தியப் படை பிடித்தது 1914 நவம்பரில். நம்மைப் போல் பாலமும் பாதையும் போட்ட மதராஸ் சாப்பர்ஸும் மெசபொடோமியாவில் இருந்தார்கள். கல்லறை தெரியாத நாற்பதாயிரம் பேருக்கு மேல் நினைவாகப் பஸ்ராவுக்கு அருகே ஒரு சின்னம் உண்டு. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கை மட்டும்! இத்தகைய பாகுபாட்டுக்காகப் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது.

கார்டுகளின் கதையும் அதேதான். 1914 செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தில் நம் படை இறங்கியபோது, பிரெஞ்சுக்காரர்கள் படமெடுத்துக் கார்டு போட்டு விற்றார்கள். சீக்கியரானாலும் முஸ்லிமானாலும் பல கார்டுகளில் அடியில் 'இந்துக்கள்' என்றே போட்டார்கள். பெயர் கிடையாது. என்னிடம் இருநூற்றுச் சொச்சம் கார்டுகள். சிப்பாயின் பெயர் தெரிந்தவை ஏழே ஏழு. அந்த ஏழும் பின்பக்கத்தில் யாரோ எழுதி வைத்ததால் தெரிந்தவை.

அதனால் சேகரிப்பவர்களுக்கு நான் சொல்வது: படத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். ஸ்டாம்பை உரிக்காதீர்கள். லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, எந்த வீட்டில் கிடைத்தது என்று குறித்து வையுங்கள்.

தம்பி தங்கைகளே, இந்த லீவில் ஊருக்குப் போனதும் பரண் பெட்டியைத் திறந்து, வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது யாரு?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேளுங்கள். பதிலைப் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். நம் குரூப் போட்டோவுக்கும் இதே விதி! இன்று எடுத்த படத்தில் பெயர் எழுதாவிட்டால் ஐம்பது வருஷம் கழித்து நாமும் எண்ணிக்கைதான்.

அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன். பின்பக்கம் ஊதாக் கறை. அதன் கீழே, 'தாமல், எங்கள் வீட்டுப் பட்டாளத்தார்' என்று எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.